வேண்டாத ஜீப்

“எங்க தெருவுக்கு ஜீப் வேண்டாங்க” என்றார் கிடங்குத் தெருக்காரர். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அறையிலிருந்த எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. காலையிலிருந்து அங்கே யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆறிப்போன டீயைக்கூட.

நகரத்துக்கு இருப்பது ஒரே ஒரு ரோந்து ஜீப். அதுவும் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். இருட்டியதும் அது எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான் இந்தப் பாதுகாப்பு முன்னுரிமைக் கூட்டம்.

நகைக்கடைக்காரர் தன் கடை வாசலில் நிற்கட்டும் என்றார். அங்கே ஏற்கெனவே துப்பாக்கியோடு இரண்டு காவலாளிகள் உண்டு. பங்களாத் தெருச் சங்கத் தலைவர், ஜீப் நின்றால் தெருவுக்கு ஒரு கௌரவம் என்றார். இதையே இருவரும் மதியம்வரை மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

பாதுகாப்பு அதிகாரியான மேடம் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். “ஏன் வேண்டாம்?”

“எங்க தெருவுல தப்புத்தண்டாவே கிடையாதுங்க மேடம். இருட்டினா யாரும் வெளியவே வர மாட்டோம்.”

“ஏன் வர மாட்டீங்க?”

கிடங்குத் தெருக்காரர் திருதிருவென்று விழித்தார். ஓரமாய் உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தரை ஒரு பார்வை பார்த்தார். “தூக்கம் வந்துருங்க.”

“ஏழு மணிக்கேவா?”

“ஆமாங்க.”

“தெருவுக்கே?”

மறுபடியும் எழுத்தரைப் பார்த்தார். “நல்ல காத்தோட்டமான தெருங்க.”

எழுத்தர் கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். நேற்று சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம்: ‘வேண்டாம்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோ மாப்ளே.’ மாப்பிள்ளை முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

எழுத்தரின் தங்கைக்கு அச்சகத்தில் வேலை. முடித்துத் திரும்பும்போது இருட்டிவிடும். கிடங்குத் தெருவில் நீளமான சுவரும், எரியாத விளக்குகளும், மூடிய ஷட்டர்களும்தான் துணை. போன வாரம் பைக்கில் இரண்டு பேர் சுவர் முடியும்வரை அவளை ஒட்டியே வந்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை, சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும், ‘வேலையை விட்டுடறேண்ணா’ என்று போனில் அழுதாள்.

ஜீப் கேட்டு மாப்பிள்ளை மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார். அத்தனைக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் டைப் அடித்தவர் மச்சானான எழுத்தரேதான். கேட்ட தெருவுக்கு ஒன்றும் போகாது என்பது அவர் இத்தனை வருஷ சர்வீஸில் கண்ட உண்மை. குப்பைத் தொட்டியே வேண்டாம் என்று சண்டை போட்ட தெருவுக்கு மட்டும் மூன்று போய்ச் சேர்ந்தது.

எழுத்தர் எழுந்து வந்து, குனிந்து மேடத்தின் காதோரம் கிசுகிசுத்தார். “சும்மா குடுத்தாலே வேண்டாங்கறாருன்னா, உள்ள என்னமோ நடக்குது மேடம்.”

சொல்லும்போதே கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. மேடம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த ஊர் வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவரைத்தான் மேலிடம் இங்கே தூக்கிப் போட்டது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அம்மா வீடு பக்கத்துத் தெருவில் இருப்பதால் மதியச் சாப்பாடு மட்டும் அவருக்குச் சுடச்சுட வந்துவிடும்.

மேடம் பெருமூச்சு விட்டார். “அப்படின்னா ஜீப் அங்கதான் நிக்கணும். இன்னைக்கே, இருட்டறதுக்கு முன்னாடியே.”

“இது என்ன மேடம் நியாயம்?” நகைக்கடைக்காரர் மேஜையைத் தட்டினார். “கேக்கறவனுக்கு இல்ல, வேண்டாங்கறவனுக்கா?”

“உங்களுக்குத்தான் ரெண்டு துப்பாக்கி இருக்கே.”

“ஐயையோ, வேண்டாங்க மேடம்!” என்று கதறினார் கிடங்குத் தெருக்காரர். கொஞ்சம் அதிகமாகவே கதறினார்.

கூட்டம் கலைந்தது. எழுத்தர் உத்தரவை டைப் அடித்து வந்து நீட்டினார். மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மா அனுப்பிய கேரியரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“அவரு உங்களுக்கு என்ன வேணும்?”

“எவருங்க மேடம்?”

“அந்தத் தூங்குமூஞ்சித் தெருக்காரர். ஒவ்வொரு பதிலுக்கும் உங்க முகத்தை முகத்தைப் பாத்தாரே.”

எழுத்தர் கையிலிருந்த உத்தரவைப் பார்த்தார். இனி மறைத்து என்ன பிரயோஜனம்? “தங்கச்சி வீட்டுக்காரர் மேடம். தங்கச்சி அந்தச் சுவரோரமாத்தான் தினமும்...” உத்தரவை அவரிடமே திருப்பி நீட்டினார். “இதைக் கிழிச்சுடுங்க மேடம். நான் உங்களை ஏமாத்திட்டேன்.”

மேடம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கேரியரின் மேல் தட்டைத் திறந்து, ஆவியை மூக்கால் இழுத்தார்.

“காலையிலேருந்து எல்லாரும் ஜீப் கேட்டாங்க. நிஜமா பயந்து போயிருந்தது அவரு ஒருத்தர்தான். அது அங்கயே நிக்கட்டும்.”

“இருந்தாலும் மேடம், வேண்டாம்னு பொய் சொல்லி...”

“இந்த ஊர் வேணும்னு நான் மூணு தடவை எழுதிக் கேட்டேன். வேண்டாம்னு எழுதினப்புறந்தான் குடுத்தாங்க.”