செப்பில் ஒரு பெருவிரல்

செப்பு மூடியின் உள்பக்கத்தில் ஒரு கறை இருந்தது.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். பழுப்பு நிறம். நடுவில் சுழி. சுழியைச் சுற்றி மெல்லிய வரிகள்.

பெருவிரல்.

டார்ச்சை அணைத்தான். மறுபடி போட்டான்.

பழைய சுரங்கத்தின் அடியில் பாறையைக் குடைந்து கட்டிய அறை அது. தலைக்கு மேல் ஒரு மலை. வானத்திலிருந்து விழும் கதிர்கள் இங்கே எட்டுவது அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள், டார்க் மேட்டர், எட்டும். அது எல்லாவற்றையும் ஊடுருவிப் போகிறது. மலையை, செப்பை, மனிதர்களை. எதையும் தொடுவதில்லை. என்றாவது ஒருமுறை இந்தச் செப்புப் பெட்டிக்குள் இருக்கும் படிகத்தைத் தொட்டுவிடும், அப்போது ஒரு பொட்டு வெளிச்சம் தெறிக்கும் என்று நம்பிக் காத்திருந்தார்கள்.

வருடக்கணக்கில் ஒன்றும் தெறிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் பெட்டியைப் பிரித்துப் புதுச் செப்பு போட்டு மூடினார்கள். அதன் பிறகு தெறிக்கத் தொடங்கியது. புதுச் செப்பால் கருவிக்குக் காது கூர்மையாகிவிட்டது என்றார்கள். கரும்பொருள் கிடைக்கும்வரை தாடி எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தார் மூத்த ஆய்வாளர் பெனடிக்ட். அவர் சவரக்கத்தி விலை விசாரிப்பதாகக் கேலி செய்தார்கள்.

உலகத்துக்குச் சொல்லுமுன் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம் என்று முடிவானது.

திறந்தாயிற்று.

வெறும் விரலில் வியர்வை இருக்கும். வியர்வையில் உப்பு. உப்பில் துளி பொட்டாசியம். அதில் துளியிலும் துளி கதிர்வீச்சு. வெளியே யாருக்கும் அது பொருட்டில்லை. இங்கே அது இடி.

அதனால்தான் இரட்டைக் கையுறை.

புதுச் செப்பு போட்டபோது, கூட வேலை பார்த்த அவன் மனைவி மட்டும் ஒருமுறை கழற்றினாள். மூடியின் விளிம்பில் பிசிர் இருப்பது கையுறைக்குத் தெரியவில்லையாம். உள்பக்கம் பெருவிரலை ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தாள். விளிம்பை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். முகமூடிக்கு மேலே அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

தை பிறந்தபோது அவள் இல்லை.

பதினாறாம் நாள் உறவுக்காரர்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலையணை உறை. சீப்பு. குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்திருந்த பொட்டு. அவன் வெளியே போய்த் திரும்பியபோது வீடு முழுக்க பினாயில் மணத்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. வழக்கம்.

பெனடிக்ட் வந்து குனிந்தார்.

"யாரு கைடா இது?"

"என்னோடதுண்ணே."

அவர் கறையைப் பார்த்தார். சின்னக் கறை. அவனுடைய கையைப் பார்த்தார்.

"சரி. நீயே கழுவிரு. நான் மேல போய்ச் சொல்லிக்கிறேன்."

லிஃப்ட் கூண்டு ஏறும் சத்தம் தேய்ந்து அடங்கியது.

கழுவாமல் மூடிவிடலாம்.

படிகம் மினுங்கிக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் அடங்கக் கோடிக்கணக்கான வருடங்கள் ஆகும். பெனடிக்ட் போய்ச் சேர்வார். அவன் போய்ச் சேர்வான். மலை தேயும். அது மினுங்கும்.

கடைசியில் அமிலத்தை எடுத்தான். மூடியைத் தட்டில் கவிழ்த்து வைக்க மனம் வரவில்லை. நிமிர்த்தி வைத்தே ஊற்றினான். ஓரத்து வரிகள் முதலில் கரைந்தன. சுழி கொஞ்சம் தாக்குப்பிடித்தது.

பிறகு செப்பு மட்டும் இருந்தது. புதிதாக, இளஞ்சிவப்பாக.

ஆடி பிறந்த பிறகு கருவியை மறுபடி ஓட்டினார்கள். திரையில் கோடு தட்டையாக ஓடியது. தெறிப்பு இல்லை. கருவி சுத்தமாகிவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். பெனடிக்ட் தாடியை நீவிவிட்டுக்கொண்டார்.

அன்று அவனுடைய காவல் முறை. கோடு லேசாக அசைந்தாலும் உடனே கூப்பிடச் சொல்லிவிட்டு மற்றவர்கள் மேலே போனார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் முன் உட்கார்ந்தான்.

அசைந்தால், அன்று மினுங்கியது அவள் இல்லை என்றாகிவிடும். அசையக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தான்.