சுவரில் மாட்டிய பூட்டன்

மகனுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்க்கப் போன வீட்டில், மாலை போட்டு மாட்டியிருந்த தலைப்பாகைக்காரர் படத்தைக் கண்டதும் சௌந்தரபாண்டியனுக்கு ரத்தம் கொதித்தது.

“இது எங்க பூட்டன் படம்லா! எங்க வீட்டுச் சுவர்ல இருக்கு. உமக்கு ஏதுவே இது?”

“மரியாதையாப் பேசும். அவிய எங்க பூட்டனார்!” என்று பெண்ணின் அப்பா தவசிமுத்துவும் எகிறினார்.

பேச்சு முற்றியது. காபியைக்கூடத் தொடாமல், சம்பந்தமே வேண்டாம் என்று சௌந்தரபாண்டியன் கிளம்பிவிட்டார்.

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பழைய சாமான் கடைக்குள் நுழைந்து, கடைக்காரனின் சட்டையைப் பிடித்தார்.

“நூறு வருசத்து அச்சுப்படம், இந்தப் பக்கத்துக்கே இது ஒண்ணுதான்னு சொல்லித்தானலே என் தலையில கட்டுன? இன்னும் எத்தனை பேருக்குலே எங்க பூட்டனை வித்திருக்க?”