சொந்தமாக இருப்பது

“ப்ரோட்டோடைப்னா இன்னான்னு சிம்பிளா சொல்லுங்க மெர்சி,” என்றார் சரவணகுமார். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர் அவர்; புரோகிராமர் வேலைக்கு இன்டர்வியூ நடத்திக்கொண்டிருந்தார்.

“ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு ஆப்ஜெக்ட்டுகிட்ட நாம கேட்டது இல்லேன்னா, அதோட ப்ரோட்டோடைப்ல போய்த் தேடும் சார். அங்கயும் இல்லேன்னா அதுக்கும் மேல தேடும். அதனால மேல ஒரு ஃபங்ஷன் சேர்த்தா, கீழ இருக்கிற எல்லாத்துக்கும் வந்துடும்.”

“மேல போவாம, அதுங்கிட்ட சொந்தமா இருக்கறத மட்டும் பார்க்கணும்னா?”

மெர்சி எழுந்து போய், போர்டில் ஒரே வரியில் எழுதிக் காட்டினாள்.

“சூப்பர்! காலைலருந்து எத்தினி பேரு வந்தாங்க, ஒருத்தருக்கும் இது தெரியல. திங்கக்கெழமையே வந்து சேர்ந்துடுங்க. ஆமா, எந்த ஊரு நீங்க?”

“பெரியபாளையம் பக்கம் சார்.”

“அட, நானும் அந்தப் பக்கந்தான்! அப்பா இன்னா பண்ணிக்கினு இருக்காரு?”

“கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில ஹெல்பர் சார்.”

“தாத்தா?”

“கூலி வேலை சார். வீரராகவன்னு ஒருத்தரோட நெலத்துல.”

சரவணகுமாரின் சிரிப்பு நின்றது.

“அவரு எங்க தாத்தா.”

மெர்சியின் பயோடேட்டாவை மூடி, மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

“சரி, நீ கெளம்பு. சொல்லியனுப்பறோம்.”

“திங்கக்கெழமைன்னு சொன்னீங்களே சார்?”

“சொல்லியனுப்பறோம்னேன் இல்ல?”

மெர்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். சொந்தமாக இருப்பதை மட்டும் பார்க்கச் சொல்லும் அவளுடைய வரியை, அவர் டஸ்டரால் அழித்துக்கொண்டிருந்தார்.