அப்பாவோடு ஒரு வேலைநாள்

"லோக்கல் ட்ரெயின் போயிடும்பா! எத்தன தடவதான் அந்த லேஸைக் கட்டுவீங்க?" வாசலில் நின்று அவசரப்படுத்தினாள் வைஷாலி.

சுந்தரமூர்த்தி நிமிரவில்லை. நன்றாக இருந்த முடிச்சை அவிழ்த்து, மீண்டும் கட்டினார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி லலிதா இரண்டு டிபன் பாக்ஸ்களோடு வந்தாள். "பொண்ணை ஒரு நாள் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு இவ்வளவு யோசனையா? ஊர்ல எல்லாரும் எந்தப் படிப்புல சேர்றதுன்னு கேக்க ஆளைத் தேடி அலையறாங்க. நம்ம வீட்டுலயே ஒரு இன்ஜினீயர் இருக்காரு. பார்த்துத் தெரிஞ்சுக்கட்டுமே!" என்றவள் மகளிடம் திரும்பினாள். "ஏய், அங்க போய் வாயை மூடிட்டு இரு. அப்பா மானத்தை வாங்கிடாதே."

"ஆமா, நான்தான் வாங்கப் போறேன்," என்று சிரித்தாள் வைஷாலி.

அவளுக்கு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் இடம் கிடைத்திருந்தது. அதை ஏற்பதா, விட்டுவிட்டு பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்வதா என்பதை இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். போன மாதம் தோழி ஜெனிபருடன், அப்பா வேலைக்குப் போகும் அதே ரயிலில் லோனாவளா வரை மழை பார்க்கப் போய்வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். "அப்பாகூட ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துட்டுத்தான் டிசைட் பண்ணுவேன்."

கட்கி நிலையத்தில் ரயில் ஏறினார்கள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது.

பொங்கல் முடிந்த கையோடு அவருடைய வேலை போய்விட்டது. தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். மகளுக்குப் பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தார். பரீட்சை முடிந்தது, மதிப்பெண்ணும் வந்தது. சொல்வதை மட்டும் அவர் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டார். நாள்தோறும் இதே ரயிலில் தளேகாவ் சென்று, இறங்கிய நிலையத்திலேயே பொழுதைப் போக்கிவிட்டு, மாலையில் களைத்த முகத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"விசிட்டர் பாஸ் இல்லாம உள்ள விடமாட்டாங்கம்மா," என்று மெல்ல ஆரம்பித்தார்.

"நீங்க சீனியர்தானே? ஒரு பாஸ் வாங்க முடியாதா?"

"உள்ள ஒரே சத்தமா இருக்கும். உனக்கு போரடிக்கும்."

"அரே, அதைத்தானே பார்க்கணும்! காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் நீங்க எப்படி உக்காந்திருக்கீங்கன்னு."

பிம்ப்ரி போயிற்று. சிஞ்ச்வட் போயிற்று. வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கி ஓடிவிடலாமா என்று அவருக்குக் கால்கள் பரபரத்தன. முழங்காலை இடித்துக்கொண்டு நின்ற கூட்டம் அசையக்கூட விடவில்லை.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. இன்ஜினீயரிங் எனக்குச் சரியா வருமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று துளைப்பாள். சேர் என்றாலோ, தினமும் தான் போட்டுவரும் வேஷத்தை நம்பி அவள் தன் வாழ்க்கையையே தீர்மானித்துவிடுவாள். சுந்தரமூர்த்தி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல படிப்பும்மா. ஒரு மெஷின் நின்னு போச்சுன்னா மொத்த ஒர்க்ஷாப்பும் நம்ம மூஞ்சியைப் பார்க்கும். அது மறுபடி ஓடும்போது ஒரு சத்தம் வரும் பாரு…"

"பிடிச்சுத்தான் செய்றீங்களா?"

"ரொம்ப," என்றார். காலையிலிருந்து அவர் பொய்யில்லாமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

தளேகாவில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் வழக்கம்போல் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். சுந்தரமூர்த்தி அவசரமாகக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் ஏறினால் அடுத்தது தொழிற்சாலை வாயில். 'என்ன சார், இந்தப் பக்கம்?' என்று வாட்ச்மேன் கேட்கும் ஒரு கேள்வி போதும்.

அப்போதுதான் மகளுடைய கால்கள் கண்ணில் பட்டன. லலிதா துடைத்து வைத்திருந்த ஷூவை விட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு வந்திருந்தாள்.

"என்னம்மா இது, செருப்போடயா வந்திருக்கே?" குரலில் கோபத்தை வரவழைத்துக்கொண்டார். "நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஷூ இல்லாம ஒர்க்ஷாப்புக்குள்ள கால் வைக்க முடியாது. பாஸ் இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க."

"சரிப்பா. அப்ப ஃபேக்டரிக்கு வரல," என்றாள் வைஷாலி. அடம் பிடிக்கவில்லை, முகமும் வாடவில்லை.

சுந்தரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூரைக்கடியில் ஒதுங்கிக் குடையை மடக்கினார். "கோவிச்சுக்காதேடா. அடுத்த ரயில்ல உன்னை ஏத்தி விடறேன். சாயந்திரம் நான் வந்ததும் வீட்டுல உக்காந்து நிதானமாப் பேசி முடிவு பண்ணுவோம்."

வைஷாலி அவர் கையிலிருந்த டிபன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிளாட்பாரத்தின் கோடி வரை ஒருமுறை பார்த்தாள்.

"இங்கயே பேசலாம்பா. நீங்க தினமும் உக்கார்ற பெஞ்சு எது?"