அரை மணி நேரம்

“பொய் கலக்காம சொல்லும்மா. மயக்கம் தெளியறப்ப பிள்ளை வாயில வர்றது நிஜமா, இல்லையா?”

ரெய்னோ உரக்கக் கேட்டதில், கூடியிருந்த நாலு குடும்பமும் திரும்பிப் பார்த்தன. எண்பது வயது. தலையில் கம்பளிக் குல்லா, பூட்ஸில் பனிச் சேறு. கனடாவின் வடக்கு ஒன்டாரியோ காடுகளில் முப்பத்தெட்டு வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஆஸ்பத்திரிக்காரர்கள் சிரித்துப் பேசினாலே, இதில் என்னமோ இருக்கிறது என்று நினைக்கிற ஆள்.

சனிக்கிழமை காலைகளில் அந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு கூட்டம் நடக்கும். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிள்ளைகளை வீட்டாரோடு முன்கூட்டியே வரவழைப்பார்கள். மயக்க மருந்து முகமூடியைக் கையில் கொடுத்து விளையாட விடுவார்கள். மூலையில் நாலைந்து வாண்டுகள் ஒரு கரடி பொம்மைக்கு அதை மாட்டுவதில் மும்முரமாக இருந்தன.

நர்ஸ் கோலெட் முகம் சுளிக்கவில்லை. “நிஜமில்லை, ஐயா. சின்னப் பசங்க சிலது மயக்கம் தெளியறப்ப கத்தும், உதைக்கும், கடிக்கும். கண்ணு திறந்திருக்கும், ஆனா முழுசா முழிச்சிருக்காது. யாரையும் அடையாளம் தெரியாது.”

“பெத்தவளைக்கூடவா?”

“பெத்தவளைக்கூட. போன மாசம் ஒரு பொண்ணு, அவ அம்மாவைப் பார்த்தே ‘இந்தப் பொம்பளையை வெளியே அனுப்பு’ன்னா.”

எல்லாரும் சிரித்தார்கள். ரெய்னோ சிரிக்கவில்லை.

“அதுக்கு நீங்க என்ன கிழிக்கறீங்க?”

“கிழிக்கறோம், கேளுங்க. முதல்ல பயம் போகணும். அதுக்குத்தான் இந்தக் கரடி. வலி தெரியாம இருக்க முன்னாடியே மருந்து கொடுத்துருவோம். ஆபரேஷன் முடியறப்ப நிதானப்படுத்த இன்னொண்ணு. அப்புறம் விளக்கைக் குறைச்சுட்டு, தட்டி எழுப்பாம, அதுவா முழிக்கட்டும்னு விட்டுருவோம். பக்கத்துல அதுக்குப் பழகின ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும்.”

“மருந்துக்கு மேல மருந்து!” என்று முனகினார். “அதையும் மீறிக் கத்தினா?”

“சிலது கத்தும்தான். மிஞ்சிப்போனா அரை மணி நேரம். அப்புறம் அதுவே குச்சி ஐஸ் கேட்கும். கத்தினது ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

“அரை மணிதானா?” என்றாள் இரட்டைப் பிள்ளைகளோடு வந்திருந்த ஒருத்தி. “எங்க வீட்டுல மருந்தே இல்லாம தினமும் ரெண்டு மணி நேரம் நடக்குது.”

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கும்வரை ரெய்னோ காத்திருந்தார். குல்லாவைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“ஏன் கேக்கறேன்னா, அஞ்சு வயசுப் பையன். காதுல ஆபரேஷன். எனக்கும் அவனுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. கட்டினவ வழியா வந்த உறவு. அவன் கண்ணைத் திறந்து, ‘நீ யாரு, நீ எங்க ஆளே இல்லை, எங்க வீட்டை விட்டுப் போ’ன்னு கத்தினா, பக்கத்துல இருக்கறவன் போகணுமா, இருக்கணுமா?”

“இருக்கணும்” என்றாள் கோலெட் உடனே. “மல்லுக்கு நிக்காதீங்க, சமாதானம் பேசாதீங்க. அவன் கண்ணுல படற மாதிரி சும்மா உட்கார்ந்திருங்க.”

“மனசுல இல்லாததா வாயில வரும்? வந்து ஒட்டினவன் வேண்டாம்னு உள்ளே இருந்திருக்கும். மருந்து அதை வெளியே கொண்டுவந்திருக்கும்.”

“குடிகாரன் உளறல் மாதிரி நினைக்கறீங்க. அப்படி இல்லை இது. அந்த நேரத்துல யார் நின்னாலும் போன்னுதான் சொல்வான்.”

“மனசு விட்டுப்போய் அந்த ஆள் எழுந்து போயிட்டா?”

“ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்பி வரட்டும். அதுக்குள்ள எல்லாம் சரியாயிருக்கும்.” கோலெட் சிரித்தாள். “இதுக்காக யாராவது ஒரேயடியாவா போயிருவாங்க?”

ரெய்னோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இது உங்களுக்கெல்லாம் எப்பத்திலேருந்து தெரியும்?”

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். வீட்டு ஆளுங்ககிட்ட முன்கூட்டியே சொல்றதுதான் பின்னால வந்த பழக்கம்.”

“அதானே! சொல்லமாட்டீங்களே.”

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் கரடிக்கு டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டன. ரெய்னோ மட்டும் எழவில்லை. காபிக் கடைச் சுவரிலிருந்து கிழித்து வந்த கூட்டத்து நோட்டீஸை, நாலாக மடித்தது மடித்தபடி கையில் வைத்திருந்தார். கோலெட் படிவத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“வாங்க, உங்க பையனையும் எழுதிக்குவோம். பேரு?”

“டேரல்.”

“பிடிச்ச பொம்மை ஏதாவது? முழிக்கறப்ப கையில கொடுக்கலாம்.”

“சிவப்பு லாரி. மரத்துல நான் பண்ணிக் கொடுத்தது. ஒரு சக்கரம் இருக்காது.”

“அழகு! பக்கத்துல யாரு?”

“நான்தான்.”

“பயப்படாதீங்க, நீங்க நல்லாவே உட்காருவீங்க. ஆபரேஷன் தேதி?”

“நவம்பர் ஒன்பது.”

கோலெட்டின் பேனா நின்றது. “அது போன வாரமே போயிருச்சே, ஐயா?”

“எழுபத்தெட்டாம் வருஷம்மா” என்றார் ரெய்னோ. “பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் லாரியை எடுத்துட்டுப் போனவன்தான், இன்னும் அந்த வீட்டுக்குத் திரும்பலை.”