நோட்டம்

ரேணுகாதேவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புகளை மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

விமானத்தில் ஏறும் முன் எந்த விமானியும் இதைப் பார்த்தாக வேண்டும். அரசாங்கத்தின் இணையதளத்தில் போகிற வழியைக் கொடுத்தால், அந்த வழியில் வானம் எங்கே திறந்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று வரிவரியாக வந்துவிடும். ராக்கெட் விடுகிறார்கள், பெரிய தலைவர் வருகிறார், ஓடுபாதையில் வேலை நடக்கிறது, புதிதாக ஒரு கோபுரம் எழும்பியிருக்கிறது. எல்லாம் சுருக்கெழுத்து. நேரம்கூட லண்டன் கணக்கு; ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

நோட்டாம் என்பது அதன் பெயர். பயிற்சித் தளத்தில் தமிழ்ப் பிள்ளைகள் வாயில் அது நோட்டம் ஆகிவிட்டது. எங்கள் பரளச்சிப் பக்கம் நோட்டம் பார்க்கிறவன் திருடன் என்று சொல்லி, வந்த புதிதில் எல்லோரையும் சிரிக்க வைத்தவள் அவள்தான்.

இன்று திருட்டு மனசோடு நோட்டம் பார்த்தவளும் அவள்தான்.

மற்றவர்கள் எதுவும் இருந்துவிடக் கூடாதே என்று படிப்பார்கள். அவள், ஏதாவது ஒன்று இருந்து தொலையாதா என்று படித்தாள்.

எங்கோ ஓர் ஊரில் ஓடுபாதை விளக்கு எரியவில்லையாம். கடல் பக்கம் துப்பாக்கி சுடும் பயிற்சியாம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் மேலே ஒன்றுமே இல்லை. ஒரு பொடிக் காரணம்கூட இல்லை.

வெளியே அவளுக்கான விமானம் எரிபொருள் நிரப்பித் தயாராக நின்றது.

போன வாரம் அதைத் தனியாக ஓட்டிவந்து இறக்கும்போது சக்கரம் தரையில் மோதி, விமானம் குதித்துக் குதித்துப் போய்ப் புல்லில் நின்றது. அவளுக்கும் அடியில்லை, விமானத்துக்கும் சேதமில்லை. இதெல்லாம் சகஜம் என்றார் பயிற்சியாளர். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த விமானக் கதவின் கைப்பிடியைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. முதல்கட்ட உரிமம் வாங்கிய விமானிக்குப் பறக்கப் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேவலமாக இருந்தது.

ஊரில் கேட்கவே வேண்டாம். இன்று ஊருக்கு மேலே பறப்பேன், கண்மாய்க்கு நேரே வரும்போது இறக்கையைச் சாய்த்துக் காட்டுவேன் என்று வாயை விட்டிருந்தாள். அப்பா நல்லமுத்து அதைப் பஸ்ஸில், டீக்கடையில், பருத்திக் காட்டில் என்று ஓர் இடம் விடாமல் சொல்லியிருந்தார். காரியாபட்டியிலிருந்து மாமா வீட்டுக்காரர்கள் காலையிலேயே வந்தாகிவிட்டது. வீரசோழனிலிருந்து மைக் செட் வேறு வரவழைத்துக் கண்மாய்க் கரையில் கட்டியாகிவிட்டது.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். மிளகாய்ச் சாக்கில் ஈரம் இருந்தால், வாங்குகிறவர் கையை விட்டுப் பார்க்கும் முன்பே தானே சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டு வருகிறவர். அதற்காக அம்மா ஈஸ்வரியிடம் ஏச்சு வாங்குகிறவர்.

அவருக்குத்தான் அவள் போன் போட்டாள்.

மேலே இருந்து அறிவிப்பு வந்துவிட்டது, நம் பக்கத்து வானத்தைச் சாயங்காலம் வரைக்கும் அடைத்துவிட்டார்கள், எந்த விமானமும் பறக்கக் கூடாதாம் என்றாள். குரல் நடுங்காமல் வந்தது. அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அரசாங்கமே அடைத்த பிறகு நாம் என்ன செய்ய முடியும், நீ வருத்தப்படாதே என்று அப்பா அவளுக்கே ஆறுதல் சொன்னார். ஊர் ஆட்களிடம் தானே எடுத்துச் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

அவள் மூச்சு விட்டாள்.

அதற்குள் போனில் ஒரே கூச்சல். கண்மாய்க் கரை முழுக்க விசில் அடித்தார்கள். கூச்சலுக்கு நடுவே ஒரு சத்தம் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை எஞ்சின்.

சதீஸ்குமார். அவளோடு படிக்கிறவன். இதே அறிவிப்புகளைப் பார்த்துவிட்டு, இதே வழியில் அவளுக்கு முன்னால் கிளம்பிப் போனவன். தன் பயத்தைத் தவிர வேறெதுவும் தோன்றாத அவள் மண்டையில் அவன் நினைப்பே இல்லாமல் போயிருந்தது.

அடைத்த வானத்தில் ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் என்று கேட்டால்கூடத் தேவலை. திட்டினால் இன்னும் தேவலை. கரையில் யாரோ நல்லமுத்துவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், உன் மகள்தானே என்று கேட்டார்கள்.

அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் போல. குரல் அடங்கி, மிக அருகில் கேட்டது.

"போன ஆப் பண்ணிரு தாயி. நீ இப்ப வானத்துல இருக்க."

அவள் ஆப் பண்ணவில்லை. மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், கண்மாய் முழுக்க எதிரொலித்த அவர் குரல்.

"எல்லாரும் கையக் காட்டுங்கய்யா. பிள்ளைக்கு நல்லாத் தெரியும்."