கோட்டில் ஒரு பட்டன்

தையல் கடைக் கல்லாவுக்கு அந்தக் காசு மறுபடியும் வந்திருந்தது. பழைய வருடம் போட்ட காசு. ஆனால் இப்போதுதான் அச்சிலிருந்து விழுந்ததுபோல் மின்னியது. அதிலிருந்த தலை நடுவில் பதியாமல் ஓரமாக விலகியிருந்தது. முதல் தடவை பிடரி மட்டும்தான் தெரிந்தது. கடைக்காரி அதைச் சில்லறையோடு சேர்த்து யாருக்கோ தள்ளிவிட்டாள். திரும்பி வந்தபோது காதும் உள்ளே வந்திருந்தது. இன்று கண்ணும் வந்துவிட்டது.

அடுத்த மெஷினிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, காது மடல் கிழிஞ்சிருக்கு பாருங்க. எங்கண்ணன் காதேதான்.”

“தெரியுது.”

“போன மாசம்தானே அடக்கம் பண்ணினோம்! தூரத் தூக்கிப் போட்டுடுங்க அண்ணி.”

“எதுக்கு? இருந்தவரைக்கும் கல்லாப் பக்கத்துல நின்னு முறைச்சாரு. அன்னைக்கே நான் கடையைச் சாத்தல. இப்பவா சாத்தப்போறேன்?”

சின்ன ட்ரில்லை எடுத்துக் கண்ணில் ஒரு துளை, காதில் ஒரு துளை போட்டாள். தன் கோட்டில் பட்டன் அறுந்த இடத்தில் அதை நீல நூலால் இறுக்கித் தைத்தாள்.

மறுநாள் காலை, ஜிப் மாற்ற வந்தவர் கொடுத்த சில்லறையில் ஒரு காசு மின்னியது. முகம் முழுதாக, சரியாக நடுவில் இருந்தது. கண்ணிலும் காதிலும் நீல நூல். வாய் திறந்திருந்தது.

குனிந்து கோட்டைப் பார்த்தாள். பட்டன் அங்கேயேதான் இருந்தது, வழவழவென்று வெறும் தகடாக.

நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டாள்.

“கோட்டுல இன்னொரு பட்டனும் இல்லதான்” என்றபடி கடைக்காரி ட்ரில்லை அந்த வாயின்மேல் வைத்தாள்.